சின்னையன் மாமாவுக்கு ஒரு கைவண்டி

கோபாலபுரம்
செப்டம்பர் 9

பிரியமுள்ள தமிழுக்கு,

ரஸியா எழுதுகிறேன். படைத்தவன் கிருபையில் இங்கே நாங்கள் சுகம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பு என்று சொல்லியிருந்தாய். கடையில் உட்கார்ந்து உன் அப்பாவின் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் போதும், ஆணி வாங்க வந்தவர், பெயிண்ட் வாங்க வந்தவர், செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திவிட்டுப் பூட்டு வாங்க வந்தவர் என்று எல்லாரும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் மெயிலாகவே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு மெதுவாகப் படி.

முதலில் உன் அப்பாவின் உடம்பு விஷயம். மாமாவின் நெற்றியில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டது. முடி விழுந்தால் தழும்பு தெரிவதில்லை. இடது கைதான் இன்னும் பழையபடி இல்லை. போன வருஷம் பக்கவாதம் லேசாக வந்து போனதே, அதன் மிச்சம். காப்பித் தம்ளரைப் பிடிக்கிறார், ஆனால் பேச்சு நீண்டால் தம்ளர் சாய்கிறது. உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்து வாங்கிக் கீழே வைத்துவிடுகிறார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. வாய் வலி மட்டும் இதுவரை வந்ததில்லை.

நீ போனில் அழுதுகொண்டே சொன்னதால், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன். ஆனி மாதம் எருக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டும்போது மாமா விழுந்தார். உன் அண்ணன் கௌசிக் ஓசூரிலிருந்து ஓடி வந்தான். இனி இவரைத் தனியாக விட முடியாது, தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்து மோகனசுந்தரத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இரண்டு பேரையும் ஓசூர் ப்ளாட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றான். நீ அவனோடு சண்டை போட்டுத் தவணை வாங்கினாய். தலைச்சுமையை நிறுத்த ஒரு வண்டி வாங்கிக் கொடுப்போம், அது சரிப்பட்டால் அப்பா இங்கேயே இருக்கட்டும், சரிப்படாவிட்டால் அண்ணன் சொல்வதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாய். இரும்புக்கடைக்காரிக்கு இதெல்லாம் கைவந்த கலை என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் என் வீட்டுக்காரர் முஹ்சின் சொன்னபடி, நம் கடையிலேயே இருந்த ஒற்றைச் சக்கர வண்டியை அனுப்பினேன். கட்டட வேலைக்காரர்கள் கலவை தள்ளுவார்களே, அதுதான். மாமாவுக்கு ஏக சந்தோஷம். வெறும் வண்டியைத் தோப்பைச் சுற்றி ஒரு சுற்றுத் தள்ளிக்கொண்டு வந்து, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எரு போட்டுத் தூக்கிப் பார்த்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. அந்த வண்டிக்கு இரண்டு கையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு கை இறங்கினால் வண்டியும் அந்தப் பக்கமே சாயும். எரு முழுவதும் மிளகாய்ப் பாத்தியில் கொட்டியது. மாமா சக்கரத்தைத் திட்டினார், பிறகு முஹ்சினைத் திட்டினார், கடைசியில் ஒரு பாவமும் அறியாத மிளகாய்ச் செடியைத் திட்டினார். வண்டியை நீங்க தள்றீங்களா, உங்கள வண்டி தள்ளுதுங்களா என்று அத்தை வாசலிலிருந்தே கேட்டாராம். அடுத்த நாள் நான் போனபோது மாமா தலையில் மறுபடியும் கூடை இருந்தது.

நீ அங்கிருந்து படம் அனுப்பினாயே, பச்சைத் தொட்டி வைத்த நாலு சக்கர வண்டி, அதையும் விடவில்லை. மீனாட்சிபுரம் பக்கத்து நர்சரியில் அதே போல ஒன்று இருந்தது. ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தமிழு, உங்கள் ஊர்ப் புல்தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். உன் அப்பாவின் தோட்டத்தில் நாலு எட்டுக்கு ஒரு வாய்க்கால், எட்டு எட்டுக்கு ஒரு வரப்பு. முன் சக்கரம் இரண்டும் வாய்க்காலில் இறங்கிவிட்டன. பிறகு அந்த வண்டி தண்ணீரில் படுத்த எருமை மாதிரி எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. நானும் அத்தையும் சேர்ந்துதான் தூக்கிவிட்டோம். மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதனால் இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வாங்குவதை விட்டுவிட்டுச் செய்துவிடுவது. பெரிய சைக்கிள் சக்கரம் இரண்டு, நடுவில் அச்சு, பாரம் நேராக அச்சின் மேல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கையில் எடையே தெரியாது. ஒரு கை சோர்ந்தாலும் மற்றக் கை போதும். வாய்க்காலையும் பெரிய சக்கரம் தாண்டிவிடும். முஹ்சின் வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறார். கௌசிக்கிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். அவன் கெட்டவன் இல்லை. ஆனியில் அப்பாவின் முகத்தில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான், அவ்வளவுதான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்கு ஓடாதே.

துஆவுடன்,
ரஸியா


கோபாலபுரம்
அக்டோபர் 27

பிரியமுள்ள தமிழுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நல்ல சேதி வராமல் எழுதக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். இப்போது வந்திருக்கிறது. தீபாவளிக்கு அத்தை அனுப்பிய முறுக்கைக் கடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். உன் பங்கையும் நானே தின்கிறேன்.

வண்டி பிரமாதமாக வந்தது. நீல பெயிண்ட் அடித்து, முன்னால் பிடித்து இழுக்கக் குறுக்குக் கம்பி வைத்து, அதில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி, பார்க்கவே புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. முஹ்சின்தான் கொண்டுபோய் விட்டார். கம்பிக்குள் நுழைந்து நின்று, இப்படி இழுத்துக்கொண்டு போங்க மாமா என்று காட்டியும் கொடுத்தார். மாமா தலையை ஆட்டினார். இவர் கம்பியை விட்டு வெளியே வந்ததும் மாமா வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்னாலிருந்து தள்ளினார். முதல் வாய்க்கால் வரப்பில் சக்கரம் முட்டி நின்றது. கம்பி அவர் வயிற்றில் இடித்தது. இந்த மாதிரி வண்டியை மேடு பள்ளத்தில் தள்ளவே முடியாது, இழுத்தால்தான் வரும். அதைத்தான் முஹ்சின் மறுபடியும் சொன்னார். மாமா மறுபடியும் தள்ளினார்.

அடுத்த நாள் நானே போய்க் கேட்டேன், ஏன் மாமா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று. கம்பியில் சுற்றிய ட்யூபைத் தடவினார். பிறகு சொன்னார்: "அது மாட்டோட எடங் கண்ணு. நானு பொறந்ததுலருந்து நொகத்தடிக்குப் பின்னால நின்னவன். இந்த வயசுல முன்னால போயி நிக்கச் சொல்றியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு போய்விட்டது. பொள்ளாச்சி மார்க்கெட்டில் எத்தனை பேர் கைவண்டி இழுக்கிறார்கள் என்றேன். அது அவங்க தொழிலு, அதுல தப்பில்ல என்றார். தலைச்சுமையும் வெயிலும் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஓசூரைச் சொன்னேன். கௌசிக்கின் ப்ளாட்டில் ஐந்தாம் மாடியில் தொட்டிச் செடிக்குக்கூட வெயில் வராது என்றும் சொல்லிப் பயமுறுத்தினேன். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. உன் அம்மாவின் கோழி அதில் முட்டை போட ஆரம்பித்தது. ஊர் எழுந்திருக்கும் முன்பே மாமா கூடையைத் தலையில் ஏற்றிவிடுகிறார் என்று அத்தை சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இனி நடந்ததை நான் சொல்வதைவிட நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். பந்தல் அவரைக்கு எரு வைக்கிற அன்று கத்தரி நாற்று வாங்க நான் போயிருந்தேன். மாமா கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார். அத்தை மாட்டுச்சாலைப் பக்கமிருந்து வந்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், கோழியைத் தூக்கி வெளியே விட்டார், கூடையிலிருந்த எருவை வண்டியில் கவிழ்த்தார். அந்த முழங்காலோடு குனிந்து கம்பிக்குள் போய் நின்றார். என்ன பண்றே என்று மாமா அதட்டினார்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நானு இழுக்கறனுங்க. நீங்க பின்னால நின்னு ஓட்டுங்க. கண்ணாலம் ஆன நாள்லருந்து அதுதானுங்களே நடக்குது."

சொல்லிவிட்டு இழுத்தார். வண்டி நகர்ந்தது. முதல் வாய்க்காலையும் தாண்டியது. வலியில் அவர் பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது வாய்க்காலுக்குள் அவர் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துவிட்டார். விடுடீ என்றார். அத்தை விடவில்லை. கொஞ்ச தூரம் இரண்டு பேருமே உள்ளே நின்று இழுத்தார்கள். ஒரு ஜோடி பூட்டியது போலத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு அத்தை மெல்ல விலகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மாமா தனியாக வண்டியை அவரைக்காய்ப் பந்தல் வரை இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்து, நாத்து வாங்க வந்தவ எதுக்கு அழுகறே என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. மாமா ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாக இறங்குவாரா? மாட்டு எடத்துல நின்னாச்சு, இனி மாட்டுக்கு உண்டான மொறைய நடத்தோணும் என்று சொல்லிவிட்டார். வெயில் ஏறும் முன் வண்டியை அவிழ்த்துவிட வேண்டும், மாட்டை உச்சி வெயிலில் அவர் ஒருநாளும் பூட்டியதில்லையாம். வேலை முடிந்ததும் முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம். அச்சுக்கு எண்ணெய். பாரம் ஏற்றும்போது, அவர் செவலைக் காளைக்கு வயதான பிறகு ஏற்றிய அளவுதான் தனக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார். டாக்டர் ஒரு வருஷமாகக் கத்தியது காதில் ஏறவில்லை. செவலைக்குச் செய்த நியாயம் தனக்கும் என்றதும் ஏறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அமாவாசை. உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அமாவாசை அன்றைக்கு மாட்டை ஏரில் பூட்ட மாட்டார்கள், வண்டியில் பூட்ட மாட்டார்கள் என்பது சின்ன வயதில் நாம் பார்த்ததுதானே. தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. மாமா வண்டியைக் கழுவி, கம்பிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். அவரும் கயிற்றுக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அத்தைக்கு நம்பவே முடியவில்லை. கண்ணாலம் ஆன நாள்லருந்து இந்த மனுசன் பகல்ல படுத்து நானு பாத்ததில்ல என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊரில் திருவிழா வந்த மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாடு, நுகத்தடி விவகாரம் உன்னோடு இருக்கட்டும். கௌசிக்கிடம் வண்டி சரிப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல். மாமாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். மகனுக்குத் தெரிந்தால் கூசிப்போவார்.

மழை நன்றாகப் பெய்கிறது. அவரை பூத்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
ரஸியா


கோபாலபுரம்
நவம்பர் 23

தமிழு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். இதைப் படித்த கையோடு நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை கௌசிக் கம்பெனி வேலையாகக் கோயமுத்தூர் வந்தவன், யாருக்கும் சொல்லாமல் தோட்டத்துக்கு வந்திருக்கிறான். அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசைதான். வந்த நேரம் நடுக் காலை. மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வண்டி மரத்தடியில் நின்றது. பாத்தியெல்லாம் காய்ந்து கிடந்தது. உடம்புக்கு முடியலீங்களாப்பா என்று கேட்டிருக்கிறான். ஒண்ணுமில்ல, சும்மாத்தான் படுத்திருக்கேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். அம்மா எங்கே என்றதற்குக் கோயிலுக்கு என்றாராம். அவன் அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். நான் சரக்கு எடுத்துக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அவன் குரல் உடைந்திருந்தது. அப்பா பட்டப்பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை ரஸியா, செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட முடியாமல் கிடக்கிறார், ஒன்றுமில்லை என்று மறைக்கிறார், இனிமேலும் விட்டு வைத்தால் நான் மகனே இல்லை என்றான். அந்த பஸ் இரைச்சலில், எங்கள் வீட்டுக் காலண்டரும் வேறு என்பதால், அன்று என்ன நாள் என்று எனக்கும் உறைக்கவில்லை. மறுநாள் காலையில் கடையைக்கூடத் திறக்காமல் ஓடினேன். மாமா தேங்காய் மட்டை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார். என்ன கண்ணு இந்நேரத்துக்கு என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வியாழக்கிழமை அமாவாசை.

கௌசிக்கை உடனே கூப்பிட்டேன். அதற்குள் அவன் மோகனசுந்தரத்திடம் பேசி முடித்திருந்தான். உன்னிடமும் பேசிவிட்டானாம், நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம். அன்றைக்கு அமாவாசை கௌசிக், அதனால்தான் படுத்திருந்தார் என்றேன். "அது மாட்டுக்குத்தான ரஸியா" என்றான். மாமா மாட்டின் இடத்தில் நிற்பதை நான் எப்படிச் சொல்வேன்? நீ அப்பாவுக்கு ஏத்துக்கிட்டுப் பேசறே, எனக்குப் புரியுது என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பா ஓய்ந்துவிட்டார் என்று நினைத்து ஓசூர் வரைக்கும் அழுதுகொண்டே கார் ஓட்டியிருப்பான். உன்மேலும் கோபம் இல்லை. அண்ணன் அழுதால் எந்தத் தங்கை முடியாது என்பாள்?

ஆனால் இன்று காலை நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கடை திறந்து கொஞ்ச நேரத்தில், செக்போஸ்ட்டில் நிற்கிற லாரி வரிசையை ஒட்டி, நீல வண்டி வந்தது. மாமா தோட்டத்திலிருந்து கடை வரை தார் ரோட்டில் தனியாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஊரே பார்த்தது. தோட்டத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் அந்தக் கம்பிக்குள் நிற்கவே கூசிய மனிதர், தமிழு. வண்டி நிறைய அவரைக்காயும் பாகற்காயும் இருந்தன. எனக்கு, முஹ்சினுக்கு, டீக்கடைக்கு என்று எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அச்சுக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தது.

"இத ஆராச்சும் வயசானவங்களுக்குக் குடுத்துரு கண்ணு. நல்ல வண்டி, கைக்கு எடையே தெரியாது" என்றார்.

முஹ்சின்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஏன் மாமா, அன்றைக்கு அமாவாசை என்று கௌசிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பை வலது கைக்கு மாற்றினார்.

"அத நாஞ் சொல்லோணுமா கண்ணு? அவன் பொறந்ததும் நம்ம ஊட்லதான்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். ஓசூருக்குப் போவது அவருக்குச் சங்கடம்தான், ஆனால் அவர் மனதை ஒடித்தது அது இல்லை. மகன் கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தும் அது என்ன நாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதை அவரால் தாங்க முடியவில்லை. பசங்க கூப்புட்டாப் போவோணும், அவங்களுக்கும் பயம் இருக்கும்ல என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு நடந்து போனார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் அத்தையைப் பார்க்கப் போனேன். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கும் போக வேண்டும் போலத்தான் இருக்கிறதா அத்தை என்று கேட்டேன். முழங்காலுக்கு லிப்ட் இருக்கிற ஊடு நல்லதுதான் என்றார். இன்னொரு சேலையை மடித்துக்கொண்டே, அங்க போயி அவரு தெனமும் படுத்திருப்பாரு, அதுக்குப் பேரு என்ன வெக்கறது என்று கேட்டார்.

தமிழு, போன மாதம் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். மாமா மாட்டின் இடத்தில் நின்றதை யாருக்கும் சொல்லாதே என்றேன். இன்று அதை வாபஸ் வாங்குகிறேன். கௌசிக்கிடம் சொல். தள்ளிப் பார்த்து வயிற்றில் இடிபட்டதை, அத்தை கம்பிக்குள் போய் நின்றதை, செவலைக்குச் செய்த நியாயத்தைத் தனக்கும் வைத்துக்கொண்டதை, எல்லாவற்றையும் சொல். இந்த மண்ணை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக உன் அப்பா நுகத்தடிக்கு முன்னால் போய் நின்றார் என்று சொல். நான் சொன்னால் ஒரு மகனுக்கு அது அவமானமாகப் படும். தங்கை சொன்னால் அழுகை வரும். அழுதால் அவனுக்கே எல்லாம் விளங்கிவிடும்.

அதற்குப் பிறகு அவனே மாமாவுக்குப் போன் செய்ய வேண்டும். நீயும் செய்ய வேண்டும். உடம்பு எப்படி, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று தொடங்காதீர்கள். நேற்று எத்தனை நடை இழுத்தீர்கள், அவரைக் கொடி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் இரண்டு வருஷமோ, நாலு வருஷமோ. பிறகு வண்டியே அவருக்குக் கனக்கிற நாள் வரும். அன்றைக்கு அவரே சொல்வார், நீங்கள் அழைத்துக்கொண்டு போங்கள். நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். அந்த நாள் போன வியாழக்கிழமை வந்துவிடவில்லை.

வண்டி கடை வாசலில் நிற்கிறது. காலையிலிருந்து இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். இது விற்பனைக்கு இல்லை என்று விரட்டிவிட்டேன். உங்கள் இரண்டு பேரில் ஒருவர் மாமாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டதாகச் சேதி வந்ததும், நானே அந்தக் கம்பிக்குள் நின்று தோட்டம் வரை இழுத்துக்கொண்டு போவேன். ஊர் பார்க்கட்டும். என்னைப் பார்த்துச் சிரிக்க இந்தக் கடைத்தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

உன் பெற்றோருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அது அவர்கள் சொந்த மண்ணிலேயே கழியட்டும். அங்கே இப்போது மணி என்ன என்று எனக்குத் தெரியாது. எந்த நேரமாக இருந்தாலும் எழுந்து உட்கார்ந்து உன் அண்ணனைக் கூப்பிடு.

கண்ணீருடனும் துஆவுடனும்,
உன் ரஸியா